மூன்றாவது மாடி வரைக்கும்

சொல்லிச் சொல்லி மெக்கானிக்குக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

“சார், இது புது டர்போ வண்டி. ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, மிச்சக் காத்தை உள்ளேயே திருப்பி விட கம்பெனிக்காரனே வால்வு வச்சிருக்கான். அதைக் கழட்டிட்டு, காத்தை வெளியில விடுற வால்வை மாட்டினா வேகம் ஒரு பொட்டுகூட ஏறாது. எஞ்சின் லைட் வேற எரியும்.”

“எரியட்டும். ‘புஸ்ஸ்’னு சத்தம் வருமில்ல?”

“அது ஒண்ணுதான் வரும்!”

“கேட்ல வேகத்தைக் குறைச்சா மூணாவது மாடி வரைக்கும் கேக்குமா?”

மெக்கானிக் ஸ்பேனரை டமாலென்று கீழே போட்டார்.

“தலை நரைச்சும் சத்தத்துக்கு அலையுறீங்களே! உங்க காரை நீங்களே கெடுத்துக்கணுமா?”

“என் காரா? நான் பஸ்ல போறவன். இது எங்க மேனேஜரோடது. மனுஷன் பூனை மாதிரி வந்து பின்னாடி நிப்பாரு. போன வாரம் மட்டும் நாலு பேருக்கு மெமோ. இதை மாட்டினா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கும்னு ஆபீஸே சேர்ந்து ஏத்திவிட்டோம். சாவியைக் குடுத்துட்டாரு.”

மெக்கானிக் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி எப்போது வந்து உட்கார்ந்தாரோ, தெரியவில்லை.

குரலைத் தாழ்த்தினார்.

“வால்வு ரெண்டா ஆர்டர் போட்டுடறேன் சார். எங்காளு வண்டியும் டர்போதான்.”