பொங்காத மாவு

லடாக்கின் உறைபனி மண்ணில்கூடக் கிருமிகள் உயிரோடு கிடந்தன. அங்கேயே இருந்த ஆய்வுக்கூடத்தில், செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த மண்ணில்தான் ஆறு வருடமாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. தொடுகிறவர்களின் கிருமி அதில் கலந்துவிடக் கூடாதென்று, அங்கே வேலை பார்த்த திலகவதிக்குத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அவள் தோலில் எந்தக் கிருமியும் பிழைக்காது.

விடுப்பில் விருதுநகர் வந்தவள் முதல் வேலையாக இட்லிக்கு மாவாட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைத்தாள். சித்திரை வெக்கைக்கு அது பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்திருக்க வேண்டும். காலையில் திறந்தால் வைத்தது வைத்தபடி கிடந்தது.

"இனிமே நானே கரைக்கேன், விடு. எனக்கு நல்லாத்தான் பொங்குது" என்றான் கணவன் சேர்மராஜ்.

மகள் யாழினி பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். "அம்மா கை பட்டா செத்துப்போகுமாப்பா?"

அன்றைய மாத்திரையைத் திலகவதி விழுங்கவில்லை. மறுநாளும் விழுங்கவில்லை. தினமும் கொஞ்சம் மாவைக் கரைத்து வைத்துக்கொண்டே வந்தாள். லடாக்குக்குக் கிளம்பும் அன்று காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மூன்று பேரும் வயிறார இட்லி தின்றார்கள்.

ஆய்வுக்கூட வாசலில் அவள் கால் வைத்ததும், உயிரைத் தேடி இத்தனை வருடம் வாய் திறக்காத இயந்திரம் அலறியது: "உயிர் இருக்கிறது."

மேலாளர் அருளானந்தம் மூச்சிரைக்க ஓடி வந்தார். "எங்கம்மா கெடச்சுது? எந்த மண்ணுல?"

திலகவதி இரண்டு கைகளையும் நீட்டினாள்.