பித்தளைக்காகப் போன கால்

“திருடப் போனேன். அதனாலதான் இந்தக் கால் போச்சு,” என்றார் ஜப்பார்.

தொளதொளத்த கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, பிளாஸ்டிக் காலை விரலால் தட்டிக் காட்டினார். வகுப்பில் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“என்ன திருடப் போனீங்க, மாமா?” என்றான் ஒருவன்.

“பித்தளை. ஈரான் சண்டையில சிதறிக் கிடந்த குண்டு ஓடு. எடைக்குப் போட்டா காசாச்சேன்னு ஆசை. எச்சரிக்கைக்குச் சிவப்புக் கல்லு வச்சிருந்தாங்க. கண்ணிவெடி இருக்குன்னு தெரியும். தெரிஞ்சேதான் தாண்டினேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

தாய்மார்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். குவேஸ்தான் பக்கத்தில் இருந்த ஷிலானின் விலாவில் இடித்தாள். “நல்ல ஆளைப் பிடிச்சாங்கடி கண்ணிவெடிப் பாடம் நடத்த! அடுத்த வாரம் கோழித் திருடனைக் கூட்டிட்டு வந்து கோழி வளர்க்கச் சொல்லித் தருவாங்க பாரு.”

ஷிலானுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. மலையில் பனி உருகியதிலிருந்து அவளுக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது. பள்ளிக்கு வரும் பாதையில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புக் கல். அந்தப் பக்கம்தான் ஊரே பறித்துச் சமைக்கும் கங்கர் கீரை கொழுத்து நிற்கிறது. அவளுடைய எட்டு வயது மகள் ஹனார், ஆறு வயதுத் தம்பி ரேபினின் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். ரேபினோ, ஓர் ஆட்டுக்குட்டி கத்தினால் போதும், கையை உதறிவிட்டு ஓடுகிறவன்.

ஹனார் எழுந்து நின்றாள்.

“என் தம்பி கல்லைத் தாண்டிப் போயிட்டான்னா, நான் போய்த் தூக்கிட்டு வரலாமா?”

“கூடாது.”

“அவன் அழுவானே?”

“அழட்டும். அசையாம நில்லுடான்னு இங்கிருந்தே கத்து. பெரியவங்களைக் கூப்பிடு.”

“அப்பா வந்து தூக்கலாமா?”

“அப்பாவும் கூடாது. வெடி எடுக்கறவங்களுக்குச் சொல்லி அனுப்பணும். அவங்க வரணும்.”

“எவ்வளவு நேரமாகும்?”

“ஆகும்.”

“அதுக்குள்ள வெடிச்சு அவனுக்கு ரத்தம் வந்துச்சுன்னா?”

ஜப்பார் கால்சட்டையை மெதுவாக இறக்கி விட்டுக்கொண்டார்.

“அப்பவும் போகக் கூடாது. ஒரு அடிகூட.”

ஹனார் உட்கார்ந்துவிட்டாள். அவள் கீழுதடு துடிப்பது கடைசி வரிசைவரை தெரிந்தது.

பாடம் முடிந்ததும் ஷிலான் நேராக வெளியே போனாள். ஜப்பார் தலைமையாசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை அழைத்து வந்த தாவ்கா, படப் பலகைகளை ஜீப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும்.

“அக்கா, கேட்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. மனுஷனா அவர்? தம்பி ரத்தம் சிந்தினாலும் பார்த்துட்டு நில்லுன்னு ஒரு குழந்தைகிட்ட சொல்றார். பித்தளைக்குன்னா இவர் தாண்டுவார், பிள்ளைக்குன்னா பெத்தவன்கூடத் தாண்டக் கூடாதா? வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?”

தாவ்கா பலகையைக் கீழே வைத்தாள். பலமுறை கேட்ட கேள்வி என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

“உங்களோட போகட்டும். அவர் பித்தளைக்குப் போகலைம்மா.”

“பின்னே?”

“பக்கத்து வீட்டுப் பொண்ணு கீரை பறிக்க உள்ள போயிடுச்சு. ஆறு வயசு. ஓடிப் போய்த் தூக்கிட்டு வந்தார். வெளியே வர ரெண்டடி இருக்கும்போது வெடிச்சுது. விழும்போதும் பொண்ணை இந்தப் பக்கம் வீசிட்டார்.”

“ஐயோ... பொண்ணு பிழைச்சுதா?”

“இப்ப உங்ககிட்ட பேசிட்டிருக்கறது அந்தப் பொண்ணுதான்.”

ஷிலான் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அதைச் சொல்லலாமேக்கா! ஊரே கையெடுத்துக் கும்பிடுமே. எதுக்கு இந்தத் திருட்டுப் பட்டம்?”

“முதல் ரெண்டு வருஷம் அதைத்தான் சொன்னார். பிள்ளைங்க எழுந்து நின்னு கைதட்டுவாங்க. அப்புறம் ஒரு ஊர்ல ஒரு பையன் உள்ள மாட்டிக்கிட்டான். அவனைத் தூக்க மூணு பிள்ளைங்க ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஓடுச்சு. ஒண்ணுகூடத் திரும்பி வரலை. மூணும் இவர் பாடத்துல உட்கார்ந்திருந்ததுங்க.”

தாவ்கா கடைசிப் பலகையை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

“அன்னையிலிருந்துதான் அவர் திருடன்.”

பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு ஷிலான் வீட்டுக்கு நடந்தாள். பின்னால் வந்த ஜீப் புழுதி படாமல் மெல்லக் கடந்தது. ஜப்பார் ஜன்னல் வழியே கையசைத்தார்.

“திருட்டு மாமா! திருட்டு மாமா!” என்று ரேபின் குதித்தான். ஷிலான் அவனை அதட்டவில்லை.

ஹனார் மட்டும் ஜீப் போன திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அம்மா, அந்த மாமாவைப் பார்த்தா திருடன் மாதிரியே இல்லையே. தம்பி மாதிரி யாரையாவது தூக்கத்தான் உள்ள போயிருப்பாரோ?”

ஷிலான் நடையை நிறுத்தவில்லை. மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“அவனா? அவன் எங்கடி யாரைத் தூக்கப் போறான்? பித்தளை திருடத்தான் போனான்.”