தரைக்கு மட்டும் தெரிந்த தகடு

“தகடுன்னா இதுதாங்க தகடு. என்ன கனம், என்ன பளபளப்பு” என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னது காதில் விழுந்ததும், வண்டிக்குள் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் இருந்த ஜெனரலுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே தெருவே கூடியிருந்தது. இந்த ஒரு வார்த்தைக்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஜெனரல் பட்டாளத்தில் இருந்தவர் அல்ல. தலையணைக் கம்பெனியில் ஜெனரல் மேனேஜர். ஆளுயர எஸ்யூவி ஒன்றை வாங்கி, வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையே உள்ள வழுவழு ரோட்டில் பட்டத்து யானை மாதிரி நடத்திக்கொண்டு போக ஆரம்பித்த நாளிலிருந்து, தெரு அவருடைய பதவியின் பின்பாதியை விட்டுவிட்டது. அது கிண்டல் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வினை எதிர்வீட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் வண்டியின் தலையில் ஒரு இரும்புக் கூண்டும், அதில் ஏற ஒரு ஏணியும் மாட்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் ஏணியை அண்ணாந்து பார்த்தார்கள். “மேல மாட்டுறதெல்லாம் ஷோ. கரடுமுரடுல ஓட்டுறவன் அடியைத்தான் கவனிப்பான்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஜெனரல் தன் வண்டியின் வயிற்றில் கல் இடிக்காமல் காக்கும் அடித்தகடு போடக் கிளம்பினார்.

கடையில் வண்டியை லிஃப்டில் தூக்கி நிறுத்திய ஃபிட்டர், எந்த மாதிரி ரோட்டில் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். பாறை, காட்டாறு, மலைச்சரிவு என்று ஜெனரல் அளந்தார். மேலே வண்டியின் வயிறு ஒரு கீறல்கூட இல்லாமல் பச்சைக்குழந்தையின் வயிறு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

இரும்பா அலுமினியமா என்றதற்கு, எது அதிகம் பளபளக்குமோ அது என்று பதில் வந்தது. ரேடியேட்டருக்குக் கீழே ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று, டீசல் டேங்குக்கு ஒன்று என்று வரிசையாக போல்ட் போட்டு முறுக்கினார்கள். ஜெனரலுக்கு ஒரே ஒரு குறை. தகட்டில் பெரிதாகப் பொறித்திருந்த கம்பெனிப் பெயர் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

“இதை வெளிய தெரியற மாதிரி மாட்ட முடியாதா?”

“அடித்தகடு சார். தரைக்குத்தான் தெரியும்.”

அங்கே பிடித்தது சனி. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் தகட்டின் படத்தைப் போட்டார். அடுப்புக்கு மேலே மாட்டுகிற சிம்னியா, புகை நன்றாக இழுக்கிறதா என்று விசாரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வரும் நேரம் பார்த்துச் சாவியை வண்டிக்கு அடியில் நழுவவிட்டு, முதுகு பிடித்துக்கொண்ட மாதிரி நின்றார். மனிதர் குனியவே இல்லை. குடையின் வளைந்த பிடியால் சாவியை இழுத்துக் கொடுத்துவிட்டு, தன் ஏணியைத் துடைக்கப் போய்விட்டார்.

“நம்ம தெருவுல குனிஞ்சு பாக்குற முட்டி யாருக்குங்க இருக்கு?” என்றாள் மனைவி. “என்னையே எடுத்துக்கோங்க. கரண்டி கீழ விழுந்தா காலாலதான் தள்ளுறேன்.”

ஜெனரலுக்கு அதிலேயே வழி கிடைத்துவிட்டது. ஜனங்கள் குனிய மாட்டார்கள் என்றால், வண்டிதான் தூக்கிக் காட்ட வேண்டும்.

தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிய மண் மேடாகக் குவிந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, நடக்கப் போனவர்களெல்லாம் வீடு திரும்பும் நேரம். ஜெனரல் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேட்டில் ஏற்றி நிறுத்தி, இறங்கி வந்து பார்த்தார். முன்தகட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

அவ்வளவுதான். தெருவே வந்துவிட்டது.

இப்போது யாரோ கம்பெனிப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். யாரோ தகட்டைத் தட்டிப் பார்த்தார்கள். சிம்னி என்று சொன்னவர் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டார். “ஏணியெல்லாம் சும்மாங்க. காசு போட்டா இப்படிப் போடணும்” என்றது சாட்சாத் எதிர்வீட்டுக் குரல். “ஒரு பொட்டுக் கீறல் விழலையே. காவல்னா இது காவல்.”

உள்ளே இருப்பவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஜெனரலுக்கு வருத்தமும் இல்லை. முகமெல்லாம் ரத்தம் பாய்ந்து சிவந்திருந்தது. சட்டைப்பையிலிருந்த பேனா நழுவி மூக்கை உரசிக்கொண்டு விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கண்ணாடிக்கு வெளியே வரிசையாக நின்ற செருப்புகளை விலக்கிக்கொண்டு, மனைவியின் செருப்பு வந்து நின்றது. அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே குனிந்தாள். தகட்டைப் பார்க்க இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எல்லாரும் பாத்தாச்சுங்க. இனி வண்டியை நிமித்திடச் சொல்லட்டுமா?”