சாசர் எதற்கு?

"அப்பா, கப்புக்குக் கீழே இருக்கிற சாசர் சும்மா அழகுக்கு. அதுல டீயை ஊத்திடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றாள் மகள், மாடிப்படி ஏறும்போது.

பஸ் டிரைவர் தலையாட்டினார். அவர் மேல் என்ன தப்பு? பஸ் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் கொதிக்கிற டீயைக் குடித்தாக வேண்டும். சாசரில் ஊற்றி, உதட்டில் வைத்து, 'சர்ர்ர்' என்று ஒரே இழுப்பு. அவசரத்துக்குப் பிடித்த பழக்கம் நாளாவட்டத்தில் ருசியாகிவிட்டது. அவர் வீட்டில் டீ குடித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழும்.

மகள் விரும்பும் பையனின் அம்மா டாக்டர். இவர்கள் படியேறுகிற அந்த வீட்டில் அம்மாவும் பிள்ளையும்தான். அம்மா சரி என்றால்தான் கல்யாணம் என்று பையன் முன்பே சொல்லியிருந்தான்.

"எல்லாம் உங்க கையிலதாங்க இருக்கு" என்று மனைவியும் தன் பங்குக்குப் பயமுறுத்தினாள். வாயில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம்.

கூடத்தில் டாக்டர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். நீலக் கோடு போட்ட வெள்ளைக் கப்புகளில் டீ வந்தது. ஆவி பட்டு டிரைவரின் கண்ணாடி மங்கியது. கழற்றி டீபாயில் வைத்துவிட்டு, கப்பில் உதட்டை வைத்தார். சுரீரென்று சுட்டது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. பொண்ணைப் பிரியணுமேன்னு நினைச்சேன்" என்று டிரைவர் சமாளித்தார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவர் கப்பைத் தொடவில்லை. டாக்டரும் குடிக்கவில்லை. அவர் பார்வை அடிக்கடி டிரைவரின் சாசர் மேலேயே போய் நின்றது. தன் சாசர் பழக்கம் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறதோ என்று டிரைவர் பயந்தார். சாசரை மெல்ல ஓரமாகத் தள்ளி வைத்தார். டாக்டரின் முகம் இன்னும் வாடியது.

மழையைப் பற்றிப் பேசினார்கள். ரோட்டில் இருக்கும் பள்ளங்களைப் பற்றிப் பேசினார்கள். கல்யாணப் பேச்சு மட்டும் நகரவே இல்லை. கடைசியில் டாக்டர் எழுந்து கைகூப்பினார். "யோசிச்சுச் சொல்றேன் சார்."

வழியனுப்பப் பையன் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தெருவரை கூடவே வந்தான். டிரைவருக்கு மனசே ஆறவில்லை.

"ஒரு சொட்டு சாசர்ல விழுந்துதா? நாக்கு வெந்து போச்சு, இருந்தும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். டிரைவர் வீட்டுச் சம்பந்தம் அவங்களுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்" என்றார். தன்னால் மகளின் கல்யாணம் நின்றுவிட்டது என்றே அவர் முடிவு கட்டிவிட்டார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையன் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான்.

சட்டைப் பையைத் தடவிய டிரைவருக்கு அப்போதுதான் கண்ணாடி ஞாபகம் வந்தது. வேண்டாவெறுப்பாகத் திரும்பவும் மாடி ஏறினார்.

மற்ற மூவரும் கீழேயே காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில், திறந்திருந்த மாடி ஜன்னலிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. 'சர்ர்ர்' என்று நீளமாக, தெருவுக்கே கேட்கும்படி.

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "போச்சு. அது எங்கப்பாதான். உங்கம்மா இனிமே எங்க சம்மதிக்கப் போறாங்க?"

பையன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "இல்லை, அது எங்கம்மா. ஆஸ்பத்திரி அவசரத்துல வந்த பழக்கம். உங்க எதிர்ல மட்டும் சாசர்ல குடிக்க மாட்டேன்னு நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன்."

மேலிருந்து இன்னொரு 'சர்ர்ர்' கேட்டது. இது கொஞ்சம் கட்டைக் குரல். டிரைவரின் மனைவிக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

அதன் பின்னாலேயே டாக்டரின் பேச்சும் கேட்டது. "மெதுவா குடிங்க, சம்பந்தி. கெட்டில்ல இன்னும் இருக்கு."