பல்லியின் கண்ணளவு

வளர்ப்புப் பல்லிக்கு இரையாக வாங்கிவந்த சிள்வண்டுகள் ஒரு டப்பாவுக்குள் இருந்தன. பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டாத வண்டாகப் பார்த்துத்தான் வீட்டுக்காரி எடுப்பாள். எடுத்து, சத்துப் பவுடர் பூசிக் கொண்டுபோவாள். எங்கே, எதற்கு என்று டப்பாவுக்குள் ஒருவருக்கும் தெரியாது.

கொழுத்த வண்டை அன்றைக்கு மூன்றாவது முறையாக ஒதுக்கிவிட்டாள். அதற்கு மானமே போயிற்று.

"கேரட்டைக் கண்டா விடமாட்டேங்கிறீங்க. அப்புறம் எப்படிண்ணே எடுப்பா?" என்றது பக்கத்திலிருந்த ஒல்லி வண்டு.

"போனவங்கல்லாம் அங்க நல்லா இருக்காங்களாமா?"

"நல்லா இல்லாமலா? இத்தனை பேர் போனாங்களே, ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா?"

கொழுத்த வண்டு, கடித்துக்கொண்டிருந்த கேரட்டைத் தள்ளி வைத்தது.