பின்வரிசை

புத்தக இணையதளத்தின் கருத்துப் பகுதியில், ‘ஓய்வுபெற்ற விமானி’ என்று பெயர்ப் பெட்டியில் தட்டிவிட்டு, ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தினார் கமா. அவர் விமானத்தில் ஏறியதே மொத்தம் இரண்டு தடவை. இரண்டு தடவையும் வாந்தி.

‘இது விண்வெளிப் போரா, சமையல் போட்டியா? எதிரிக் கப்பல் நெருங்கும் நேரத்தில், சிப்பாய்கள் தட்டோடு வரிசையில் நிற்பதை நாலு பக்கத்துக்கு வர்ணிக்கிறார் ஆசிரியர். நாங்கள் பறந்த காலத்தில் இப்படியெல்லாம் இல்லை’ என்று எழுதி அனுப்பினார். மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

பதிப்பகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. கமா என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். ‘எட்டாம் கப்பல்’ என்ற அந்த நாவலை எழுதியவன், பக்கத்து மேஜையில் அட்டைப்படம் வடிவமைப்பவன். போன வருஷம் வரை அவரிடம் பேனா இரவல் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு இன்று நூற்றுப் பன்னிரண்டு வாசகர் கருத்துகள்.

“சார், இன்னைக்குப் புதுசா மூணு பேர் எழுதியிருக்காங்க. பாத்தீங்களா?”

“எனக்கு எங்கப்பா அதுக்கெல்லாம் நேரம்?” என்றார் கமா. நூற்றுப் பன்னிரண்டும் அவருக்கு மனப்பாடம்.

வயிற்றெரிச்சல் சும்மா வரவில்லை. கமாவின் அலமாரியிலும் ஒரு விண்வெளிப் போர் நாவல் பதினோரு வருஷமாகக் கிடந்தது. அதைப் படித்த ஒரே ஆள் அவர் மனைவி. அதுவும் மூன்று அத்தியாயம்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவளை, “சண்டையப் பத்தி உனக்கு என்ன தெரியும்?” என்று அடக்கிவிட்டுக் காகிதக் கட்டை வாங்கி உள்ளே வைத்தார். அவளும் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான் மனைவி வந்தாள். ஆஸ்பத்திரி சமையலறையின் மேற்பார்வை அவளுடையது.

“ஏன் லேட்டு?”

“புதுசா வந்தவங்க கீழ் மாடியில இருந்து சாப்பாட்டு வண்டியத் தள்ள ஆரம்பிச்சுட்டாங்க. நாலாவது மாடிக்குப் போறதுக்குள்ள எல்லாம் ஆறிப்போச்சு. திரும்பச் சூடு பண்ணி அனுப்பிட்டு வரேன்.”

“ம்” என்றார் கமா. கண் போனில் இருந்தது. ஓய்வுபெற்ற விமானிக்கு அதற்குள் பதில் வந்திருந்தது.

எழுதியவர் பெயர் ‘பின்வரிசை’. கமா இதற்கு முன் கல்லூரி மாணவியாக வந்தபோதும், இயற்பியல் பேராசிரியராக வந்தபோதும், மரியாதை குறையாமல் பதில் சொல்லி மண்ணைக் கவ்வ வைத்தவர் இதே ஆள்தான்.

‘ஐயா, நீங்கள் மேலே பறந்தவர், அதனால் கவனிக்காமல் விட்டிருக்கலாம். கப்பலின் கடைக்கோடியில் காவல் நிற்பவனுக்குத்தான் கேப்டன் முதல் தட்டை அனுப்புகிறாள். அந்த ஒரு வரி போதும். கடைசியில் அவன் ஏன் அவளுக்காக உயிரைக் கொடுத்தான் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.’

கமா மூன்று தடவை படித்தார். அந்த நாவலுக்குப் பிழை திருத்தியதே அவர்தான். அந்த வரியில் அவர் கண்ணில் பட்டது ஒரு விடுபட்ட புள்ளி மட்டும்.

புத்தகத்தின் மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷமே ஆள் மாறியது. புத்தகம் போகட்டும், பேரும் போகட்டும். இப்படி ஒரு வாசகர் அவனுக்கு எதற்கு? யாரோ பெரிய ராணுவ அதிகாரி, முறுக்கு மீசையும் விறைத்த முதுகுமாக இருப்பார். தனக்கு இப்படி ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாய்த்திருந்தால் அந்தக் கட்டு பதினோரு வருஷம் அலமாரியில் கிடந்திருக்குமா?

மறுநாள் மானத்தை மடித்து வைத்துவிட்டு, பின்வரிசைக்குத் தனியாக எழுதினார். ‘மதிப்பிற்குரிய ஐயா, இது நண்பர் ஒருவரின் நாவல். தங்களைப் போன்ற போர்க்களம் கண்டவரின் கருத்துக்குக் காத்திருக்கிறார்.’ கூடவே முதல் ஐந்து அத்தியாயங்களையும் அனுப்பினார்.

மூன்று நாள் பதில் இல்லை.

“சார், அந்தப் பின்வரிசை எழுதுறதையே நிறுத்திட்டாரு. உடம்பு கிடம்பு சரியில்லையோ?” என்று கவலைப்பட்டான் பக்கத்து மேஜைக்காரன்.

“வேற ஏதாவது நல்ல நாவல் கிடைச்சிருக்கும்” என்றார் கமா. வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் அவருக்கு டீ இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மனைவி அவருக்குத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கமா இடது கையால் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாப்பாட்டக்கூட கவனிக்காம அப்படி யாரோட பதிலுக்குக் காத்திருக்கீங்க?”

“பெரிய ராணுவ அதிகாரி. என் நாவல அவர்கிட்டதான் குடுத்திருக்கேன். அதெல்லாம் உனக்குச் சொன்னாப் புரியாது.”

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“படிச்சுட்டேங்க. மூணாவது அத்தியாயத்துல உங்க பட்டாளம் இன்னும் பட்டினியாத்தான் கிடக்கு.”