பன்னிரண்டு அடிக் குளம்

கோடைக்கு முன் ஒரு குளம் வேண்டுமென்று காட்டு விலங்குகள் எல்லாம் ஆளுக்கொரு மூட்டை தானியம் கொடுத்தன. வெட்டும் வேலையைப் பெருச்சாளி எடுத்துக்கொண்டது. முதல் மழை பெய்ததுமே, "ஆழம் பன்னிரண்டு அடி, வேலை முடிந்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

தணிக்கை செய்யப் பக்கத்துக் காட்டிலிருந்து நாரை வந்தது.

"வாங்க ஐயா! வெயில்ல எதுக்கு அலையறீங்க? மீன் வறுத்து வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு இங்கேயே கையெழுத்துப் போட்டுடுங்க" என்றது பெருச்சாளி.

"பசியில்லை" என்று சொல்லிவிட்டு நாரை நேராகக் குளத்துக்குள் நடந்தது. நடுவில் போய் நின்றும் தண்ணீர் அதன் முழங்காலைத் தொடவில்லை.

"உங்களுக்குக் கால் நீளம், அதான்" என்று சிரித்தது பெருச்சாளி.

கரையில் குட்டியோடு நின்ற மானுக்குக் கண் கலங்கிவிட்டது. "இது பங்குனி வரைக்கும்கூட வராதே!"

நாரை கரையேறியது. "சரி, பன்னிரண்டு அடின்னே எழுதிடறேன். நீங்க அந்தப் பாறை மேலேருந்து ஒரு தடவை தலைகீழா குதிச்சுக் காட்டுங்க."

பெருச்சாளி பாறையைப் பார்த்தது. குளத்தைப் பார்த்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னது:

"கொஞ்சம் டைம் குடுங்க ஐயா. பெரிசா ஒண்ணுமில்ல, ஒரு பதினோரு அடி மட்டும் பாக்கியிருக்கு."